அடிக்கப் போறோம், மேடம்

பாண்டி அண்ணனின் அழைப்பு வந்தபோது அம்மா அடுப்பில் குக்கரை ஏற்றியிருந்தாள். காலை நேரத்தில் அவர் யாரையும் கூப்பிடுகிறவர் அல்ல. அந்த நேரத்தில் அவருடைய பட்டறையில் இரும்பு வெட்டும் சத்தத்தில் அவருக்கே அவர் பேசுவது கேட்காது. அன்று பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"தாயி, மேடம் போயிட்டாங்க" என்றார்.

எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. அவர் மேடம் என்று சொல்வது ஒருவரைத்தான்.

"காலைத் தொழுகை முடிச்சிட்டு உக்காந்தாங்களாம். அப்படியே சாஞ்சுட்டாங்களாம். மத்தியானத் தொழுகையோட எடுத்துருவாங்க. முகம் பாக்கணும்னா அதுக்குள்ள வந்துரு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எப்படி வருவ?" என்று கேட்டார்.

வடமதுரைப் பக்கம் இருக்கும் ஒருத்தி திண்டுக்கல்லுக்கு எப்படி வருவாள் என்று வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சாலைக்குப் போய்க் கையைக் காட்டினால் பேருந்து நிற்கும். ஆனால் பாண்டி அண்ணனுக்கு என்னைத் தெரியும். நாகல் நகரில் அவருடைய கிரில் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அறைக்கு ஏறி வந்தவர்கள் எல்லோரையும் அவருக்குத் தெரியும். இதைப் படிக்கும் உங்களில் பலரும் அந்தக் குறுகலான படியில் ஏறியவர்கள்தாம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நஸீமா அக்கா மனநல ஆலோசகர். விபத்து, தீ, வீட்டுக்குள் நடந்த அடி, பிரசவத்தில் போன குழந்தை என்று ஏதோ ஒன்றைத் தாண்டி வந்தும் உடம்பு இன்னும் தாண்டாதவர்கள் அவரிடம் வந்தார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலத்து மாலை ஒன்றில், கல்லூரி நூலக வேலை முடிந்து நான் வீடு திரும்பிக்கொண்டிருந்த பேருந்து, வடமதுரைக்கு முன்னால் ஓடைப்பாலத்தின்மேல் நின்றிருந்த லாரியில் மோதியது. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் குக்கர் விசில் அடித்தால் நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். கை ஐஸாகிவிடும். தொண்டையில் சோறு இறங்காது. எந்த அறைக்குப் போனாலும் கதவைப் பார்த்துத்தான் உட்காருவேன். பேருந்தின் ஏர் ஹாரன் தொலைவில் கேட்டால்கூட, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துபோகும். பேருந்தில் ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தம்பி தன் ஸ்கூட்டரில் ஊர்களுக்குள்ளே சுற்றிக்கொண்டு என்னைக் கல்லூரியில் விடுவான். நான்கு வழிச் சாலையையே தொடமாட்டோம்.

முதல் நாள் அக்காவிடம் நான் நிறையப் பேசினேன். நூலகத்தில் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே, இது பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். ஆபத்து வந்தால் மூளையின் எந்த மூலை மணியடிக்கும், எந்தச் சுரப்பு இரத்தத்தில் கலக்கும், இதயம் ஏன் ஓடும், வயிறு ஏன் வேலையை நிறுத்தும் என்றெல்லாம் சொன்னேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. நீங்க படிச்சிட்டீங்க. உங்க முதுகு படிச்சிருச்சா?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். அவ்வளவு நேரமும் நாற்காலியின் நுனியில், முதுகு எதிலும் படாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் 'லைப்ரரி'.

பிறகு எழுந்து வந்து என்னைச் சுவர்ப் பக்கம் நிறுத்தினார். "தள்ளுங்க" என்றார்.

"எதை?"

"சுவத்தைத்தான். ரெண்டு கையும் வச்சு, பலங்கொண்ட மட்டும் தள்ளுங்க."

"விழுந்துடாதா மேடம்?"

"வாடகைக் கட்டடம்தான், தள்ளுங்க."

சிரித்துக்கொண்டே தள்ளினேன். செத்த நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கை நடுங்கியது, தொடை நடுங்கியது, மூச்சு வாங்கியது. விட்டதும் தோள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின. விபத்துக்குப் பிறகு என் தோள்கள் அவ்வளவு கீழே இருந்ததே இல்லை. "ஓடறதுக்கும் தள்ளுறதுக்கும் உடம்பு அன்னைக்குத் தயாராச்சு. பஸ்சுக்குள்ள மாட்டிக்கிட்டதால ஓடவும் முடியல, தள்ளவும் முடியல. அந்த வேலை பாக்கி நிக்குது. அதுக்கு ஒரு வேலை குடுங்க" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அது உங்களில் பலரும் கேட்டதுதான். "திருடன் ஒருவாட்டி வந்துபோன வீட்டு நாயி, அதுக்கப்புறம் பால்காரனைப் பாத்தாலும் குரைக்கும். அது கெட்ட நாயி இல்ல. வீட்டைக் காப்பாத்துறதாத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கு. அடிச்சா இன்னும் குரைக்கும். பக்கத்துல உக்காந்து, இவரு பால்காரருன்னு காட்டணும். தினமும் காட்டணும்." சொல்லிவிட்டு, "எங்க வீட்ல நாயி வளக்குறதில்ல. ஆனா நாயைப் பத்தி ஊருக்கே வகுப்பெடுக்கறேன்" என்று சிரித்தார்.

அந்த அறையின் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பயந்த உடம்புகள் வந்து உட்கார வேண்டிய இடம், கிரில் பட்டறைக்கு நேர் மேலே! கீழே சம்மட்டி இறங்கினால் மேலே மேசைமேல் டம்ளர் குதிக்கும். அமைதியான தெருவில் வேறு இடம் பார்த்துத் தருவதாகச் சொன்னவர்கள் உண்டு. "அமைதியான தெருவுல சரியாகி, நாகல் நகருக்கு வந்ததும் திரும்பக் கெட்டுப்போறதுக்கா?" என்பார் அக்கா. அந்தப் பட்டறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சம்மட்டியைத் தூக்குவதற்கு முன் பாண்டி அண்ணன் தலையை மேலே தூக்கி, "மேடம், அடிக்கப் போறோம்!" என்று குரல் கொடுப்பார். மேலிருந்து அக்கா, "அடிங்க பாண்டி!" என்பார். அதற்குப் பிறகுதான் அடி விழும். அந்த இடைவெளியில் அக்கா நம்மைப் பார்த்து, "கால் ரெண்டும் தரையில இருக்கா? சரி" என்பார். வரப்போகிறது என்று தெரிந்த சத்தத்துக்கு உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எனக்கு அதை யாரும் விளக்கவில்லை. வாரம் ஒருமுறை அங்கே உட்கார்ந்து நானே பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து, "இன்னைக்குச் சொல்லாம அடிக்கச் சொல்லட்டா?" என்று கேட்டார். நான் சரி என்ற பிறகுதான் ஜன்னலில் எட்டிப்பார்த்துப் பாண்டி அண்ணனிடம் சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். சத்தமே வரவில்லை. கடைசியில் படியில் செருப்பொலி கேட்டது. பாண்டி அண்ணன் பாதிப் படி ஏறி வந்து, ரகசியம் போல, "மேடம், இப்ப சொல்லாம அடிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏன் பாண்டி, சொல்லாம அடிங்கன்னா வந்து சொல்லிட்டுப் போறீங்க?"

"சொல்லாம அடிக்கக் கை வரமாட்டேங்குது மேடம். மேல புள்ளைக உக்காந்திருக்குன்னு தெரியும்ல."

அவர் திரும்பிப் போகும்போதே நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் சம்மட்டி விழுந்தது. நான் துள்ளினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, இவ்வளவு நாள் கழித்தும் துள்ளுகிறேனே என்று. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "துள்ளக் கூடாதுன்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? உசுரோட இருக்கற உடம்பு துள்ளும். துள்ளினா இறங்கத் தெரியணும், அம்புட்டுதான். இப்ப பாருங்க, இறங்குதா?" இறங்கிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் சாயங்காலம் வரைக்கும் இறங்காதது, அன்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் இறங்கியது.

எங்கள் வீட்டுக்கும் அவர் ஒருமுறை வந்தார். வந்த அன்றுதான் எங்கள் வீடு செய்துகொண்டிருந்த தவறு வெளியில் வந்தது. என் அம்மா குக்கரைப் பரணில் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் பானையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தம்பி போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தான். அப்பா வாசலிலேயே இருமி முடித்துவிட்டு உள்ளே வருவார். யாரும் பாத்திரத்தைக்கூட ஓசைப்பட வைக்கவில்லை. எல்லாம் எனக்காகத்தான். அந்த அமைதியில் நான் நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தமே இல்லாத வீட்டில் ஒரு கரண்டி விழுந்தால் அது இடி.

அக்கா சாப்பிட உட்கார்ந்தவர், "சோறு நல்லாப் பூவா வெந்திருக்கே, பானையா?" என்று கேட்டார். அம்மா பெருமையாகக் காரணத்தைச் சொன்னாள். அக்கா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிய பிறகு, "அம்மா, அந்தக் குக்கரை இறக்குங்க. பருப்பு போடுவோம்" என்றார்.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அய்யோ, புள்ள பயப்படும்ங்க."

"பயப்படட்டும். நம்ம பக்கத்துலதான இருக்கோம்?" என்றவர் என் பக்கம் திரும்பி, "என்ன லைப்ரரி, போடுவோமா?" என்று கேட்டார். நான் தலையாட்டிய பிறகுதான் அடுப்பு பற்றியது. குக்கருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, விசில் வருவதற்கு முன் அது எப்படியெல்லாம் சொல்கிறது என்று காட்டினார். முதலில் முணுமுணுக்கும். அப்புறம் வெயிட் லேசாக ஆடும். ஆவி கோடு மாதிரி எழும். "பாத்தீங்களா, இதுவும் பாண்டி மாதிரிதான். சொல்லிட்டுத்தான் அடிக்கும்." விசில் வந்தது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அங்கேயே நின்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பருப்பு மறுபடியும் குக்கரில்தான்.

அன்றுதான் அம்மா இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். விபத்து நடந்த புதிதில் என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போயிருந்தாள். மாலைத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதுவதற்காக, செம்பில் தண்ணீரோடு வாசலில் நிற்கும் பெண்களோடு நாங்களும் நின்றோம். படித்தவர் திட்டுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். அக்கா திட்டவில்லை. "அங்க நிக்கும்போது உடம்பு எப்படி இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் யோசித்தேன். ஒவ்வொருவராக வந்து, அவசரமில்லாமல், மெதுவாக ஊதிவிட்டுப் போனார்கள். யாரும் என்னை என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நெஞ்சு அடங்கியிருந்தது. "அதேதான். என்னைப் பெத்த அத்தாவும் அப்படி ஊதறவருதான். அவரு ஓதினதுக்கு எது பலன், ஊதினதுக்கு எது பலன்னு நான் பிரிச்சுப் பாத்ததில்ல. ஆனா மூச்சை நீளமா வெளிய விட்டா இதயம் வேகத்தைக் குறைக்கும். அது எல்லாருக்கும் பொது. நீங்களே உங்களுக்கு ஊதிக்கலாம்." அவர் கண்டுபிடித்த வழி உங்களுக்குத் தெரியும்: சூடான டீ டம்ளர். ஆற்றுகிற சாக்கில் நீளமாக, மெதுவாக ஊத வேண்டும். யார் பார்த்தாலும் டீ ஆற்றுகிறோம் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, என் பயத்தை யாருக்கும் காட்டாமலே கவனித்துக்கொள்ளலாம் என்பதால்.

எல்லாவற்றையும் மூச்சால் சரிசெய்துவிடலாம் என்று அவர் நம்பியதில்லை. தூக்கமே வராத வாரங்களில் அவரே என்னை மருத்துவரிடம் அனுப்பினார். அவருக்கும் தீராத பயம் ஒன்று இருந்தது. அறைக்குள் பல்லி வந்தால் நாற்காலிமேல் ஏறிவிடுவார். "பால்காரர்தானக்கா" என்று நான் ஒருநாள் கீழே நின்று சொன்னேன். "பேசாம விரட்டு. இதுக்குச் சிகிச்சை கிடையாது. இது நியாயமான பயம்!" என்று மேலிருந்து கத்தினார். அன்றுதான் முதன்முதலாக என்னை 'நீ' என்றார். நானும் மேடத்தை விட்டுவிட்டு அக்காவுக்கு மாறியிருந்தேன்.

கடைசியில் பேருந்துப் பயத்துக்கு வந்தோம். முதலில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்த பேருந்தில் ஏறிச் சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்கினோம். அப்புறம் ஒரு நிறுத்தம். அப்புறம் கொஞ்சம் தூரம். ஓடைப்பாலத்துக்கு முந்திய நிறுத்தம்வரை ஒருநாள் போய்விட்டோம். அங்கே இறங்கி, கடையில் டீ வாங்கி, பாலத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே ஊதி ஊதிக் குடித்தோம். "அடுத்த தடவை தாண்டிருவோம்" என்றார் அக்கா. திரும்பும்போது பேருந்துப் படியில் ஏற அவருக்கு மூச்சு வாங்கியது. நான் அதை வெயில் என்று நினைத்தேன்.

இதய வால்வில் கோளாறு. மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு தம்பியோடு ஸ்கூட்டரில் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் பீப் பீப் என்றது. அக்காவின் கை நெஞ்சுக்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலும் அவர் தலைமாட்டில் கேட்ட சத்தம் அது. கொஞ்சம் கழித்து, வெட்கத்தோடு சிரித்தார். "பாத்தியா லைப்ரரி, பால்காரன் வந்துட்டான்."

"கதவை மூடிட்டு, நான் மறுபடியும் திறந்து வைக்கட்டுமாக்கா? திறக்கறதுக்கு முன்னாடி சொல்றேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "டீ போட்டு எடுத்துட்டு வா. அப்புறம் திற" என்றார். அன்று நான் ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அவர் சோபாவில் டம்ளரோடு ஊதிக்கொண்டிருந்தார். நடுவில், "இம்புட்டு மெதுவாவா உங்க எல்லாரையும் ஊதச் சொன்னேன்? டீ பச்சைத் தண்ணியாயிருச்சு" என்று குறைபட்டுக்கொண்டார். கிளம்பும்போது, "நான் எழுந்து நடமாடட்டும். பாலத்தைச் சேர்ந்து தாண்டுவோம். அதுவரைக்கும் அவசரப்படாத" என்றார். நானும் காத்திருந்தேன்.

பாண்டி அண்ணன் போன் செய்த அன்று தம்பி ஊரில் இல்லை. கல்யாணத்துக்கென்று ஸ்கூட்டரோடு நெய்க்காரப்பட்டி போயிருந்தான். அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "நான் கூட வரவா?" என்றாள் அம்மா. அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. "வேணாம்மா, குக்கரைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் வந்த பேருந்தை விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டுவிட்டேன். மூன்றாவது வந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. இதை விட்டால் முகம் பார்க்க முடியாது. படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றேன். "ஏறும்மா, கம்பியப் பிடிச்சுக்கிட்டே திண்டுக்கல்லு வரைக்கும் ஓடியாரப் போறியா?" என்றார் நடத்துநர். உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். ஏறிவிட்டேன்.

பாலம் வருவதற்கு வெகு முன்னாலேயே உடம்புக்குத் தெரிந்துவிட்டது. கை ஐஸானது. காதுக்குள் இதயம் அடித்தது. முன்சீட்டின் கம்பியில் இரண்டு கையையும் வைத்து, சுவரைத் தள்ளுவதுபோல் தள்ளினேன். கால் இரண்டும் தரையில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. கையில் டீ இல்லாவிட்டாலும் ஊதினேன். கைப்பிடிச்சுவரின் வெள்ளை கண்ணுக்குத் தெரிந்ததும், என் உடம்பிடம் உதட்டுக்குள் சொன்னேன்: "மேடம், அடிக்கப் போறோம்."

பாலத்தின் இணைப்பில் பேருந்து தடக் என்றது. நான் துள்ளினேன். பக்கத்தில் இருந்த பூக்கூடைக்காரம்மா திரும்பிப் பார்த்தார். பாலம் பின்னால் போனது. அக்கா டீ வாங்கித் தந்த கடையும் பின்னால் போனது. அதற்கும் அப்பால் எங்கேயோ வைத்து, என் முதுகு சீட்டில் சாய்ந்திருப்பதைக் கவனித்தேன்.

அக்கா வீட்டுத் தெருமுனையில் பாண்டி அண்ணன் நின்றிருந்தார். "எதுல வந்த?" என்றார்.

"பஸ்ல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழிவிடச் சொல்லி என்னை முன்னால் அனுப்பினார். பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்குள் அவர் முகம், டீ குடித்து முடித்த நேரத்து முகம் மாதிரி இருந்தது. பாலத்தைத் தாண்டிவிட்டதாக அவரிடம் சொன்னேன். சேர்ந்து தாண்டுவோம் என்றவர் அவர். நான் தனியாகத் தாண்டியதாக எனக்கு இன்னும் தோன்றவில்லை.

போன வாரம் கல்லூரியிலிருந்து திரும்பும்போது நாகல் நகர் வழியாக வந்தேன். மாடி அறை பூட்டியிருந்தது. பட்டறையில் ஜன்னல் சட்டம் ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். பாண்டி அண்ணன் சம்மட்டியை எடுத்தார். தலையை மேலே தூக்கி, "மேடம், அடிக்கப் போறோம்!" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. தூக்கிய சம்மட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். பட்டறையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

நஸீமா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை பல. சுவர், டீ, நாய், பால்காரர் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. உங்களிடமும் இருக்கும். இவற்றோடு அவருடைய பதில் ஒன்றையும் அன்று நான் எடுத்துக்கொண்டேன். படியின் கீழே நின்று, கால் இரண்டும் தரையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னேன்:

"அடிங்கண்ணே!"